நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டி: புற்கட்டி வீடுகளில் வாழ்ந்தவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க முன்னோடிகள் என்று தேடினால் ஒரு வகைப் புகைப்படம் கட்டாயம் கண்ணில் படும். மரமே இல்லாத சமவெளி, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் எழுப்பிய குட்டையான வீடு, அதன் முன்னால் விறைத்து நிற்கும் குடும்பம், பக்கத்தில் குதிரைகள். அவற்றில் பெரும்பாலானவை நெப்ராஸ்கா மாநிலத்தின் கஸ்டர் கவுண்டியில் எடுக்கப்பட்டவை, அதுவும் ஒரே மனிதர் எடுத்தவை. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கஸ்டர் கவுண்டி எங்கே இருக்கிறது?

நெப்ராஸ்காவின் நட்ட நடுவில். பரப்பு 2,500 சதுர மைலுக்கு மேல். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மக்கள்தொகையை ஒப்பிடக் கூடாது: 2020 கணக்கெடுப்பின்படி இங்கே இருப்பவர்கள் சுமார் 10,500 பேர்தான். தெற்கு லூப், நடு லூப் என்ற ஆறுகள் இதன் வழியே ஓடுகின்றன. வடமேற்கில் மணற்குன்றுகள், மற்ற இடங்களில் காற்று கொண்டுவந்து சேர்த்த வண்டல் மேடுகளும் அவற்றுக்கு நடுவே ஆழமான பள்ளங்களும். தலைநகர் புரோக்கன் போ.

கவுண்டி 1877இல் அமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் லகோட்டா, செயேன் பழங்குடி வீரர்களிடம் அமெரிக்க ராணுவ அதிகாரி ஜார்ஜ் கஸ்டர் தோற்று உயிர்விட்டார். அந்தச் சூட்டோடு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அவருக்கும் இந்த இடத்துக்கும் வேறு பெரிய சம்பந்தம் கிடையாது.

முன்னோடிகள் வருவதற்கு முன்னால் அது ஆளில்லாத நிலமா?

இல்லை. லூப் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பானி என்ற பழங்குடி மக்களின் நாடு. ஆற்றோரம் பெரிய மண்வீடுகள் கட்டி, சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை காட்டெருமை வேட்டைக்கு மேற்கே போய்வந்தார்கள். பெரியம்மையும் காலராவும் அவர்களை வாரிக்கொண்டு போயின. வடக்கிலிருந்து லகோட்டாக்களின் தாக்குதலும் ஓயவில்லை. 1857 ஒப்பந்தத்தில் பிளாட் ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, லூப் ஆற்றோரம் ஒரு சிறு ஒதுக்கிடத்துக்குள் சுருங்கினார்கள். 1873 ஆகஸ்டில் வேட்டைக்குப் போன ஒரு பானி கூட்டத்தை லகோட்டாக்கள் தாக்கிப் பலரைக் கொன்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பானிகள் நெப்ராஸ்காவையே விட்டு, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்குப் போனார்கள்.

ஆக, குடியேறிகள் வந்தபோது நிலம் காலியாகத் தெரிந்தது உண்மைதான். காலியாகி அப்போது சில வருடங்களே ஆகியிருந்தன. உள்ளூர் வரலாறுகள் இதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு முதல் வெள்ளைக் குழந்தை யார், முதல் தபால் நிலையம் எது என்று போய்விடுகின்றன. அந்த வகை நூல்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் வந்தவர்கள் விவசாயிகளா?

மாட்டுக்காரர்கள். 1870களில் டெக்சாஸிலிருந்து மந்தைகளை ஓட்டிவந்து, அரசு நிலத்துப் புல்லில் வாடகையில்லாமல் மேய்த்தார்கள். பிறகு கலப்பையோடு குடும்பங்கள் வரத் தொடங்கின. மேய்ச்சல் மாடு பயிரை மிதித்தால் யார் பொறுப்பு என்பதில் தகராறு. மாட்டுக்காரர்தான் என்றது நெப்ராஸ்கா சட்டம். ஆனால் சட்டத்தை நடத்திக்காட்ட வேண்டிய ஷெரிஃப் பெரும்பாலும் மாட்டுக்காரர்கள் பக்கமே நின்றார்.

இதன் உச்சம் 1878இல் நடந்தது. பிரிண்ட் ஆலிவ் என்ற டெக்சாஸ்காரர் அப்போது கவுண்டியிலேயே பெரிய மாட்டுக்காரர்களில் ஒருவர். லூதர் மிட்செல், ஆமி கெச்சம் என்ற இரண்டு குடியேறிகள் தன் மாட்டைத் திருடினார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர்களைக் கைதுசெய்யப் போன ஆலிவின் தம்பி பாப், துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தார். டிசம்பர் 10 அன்று, காவலில் இருந்த மிட்செலையும் கெச்சமையும் ஆலிவின் ஆட்கள் கைப்பற்றி ஒரு மரத்தில் தூக்கிலிட்டார்கள். உடல்கள் எரிந்த நிலையில் கிடைத்தன. அந்த உடல்களின் புகைப்படம் ஊர் ஊராகப் பரவ, மாநிலமே கொதித்தது.

வழக்கு நடந்த விதம்தான் இதில் விசேஷம். கஸ்டர் கவுண்டியில் நியாயம் கிடைக்காது என்று ஹேஸ்டிங்ஸ் நகரில் விசாரித்து, 1879இல் ஆலிவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். குற்றம் நடந்த கவுண்டியில்தான் விசாரித்திருக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு கஸ்டர் கவுண்டிக்குத் திரும்பியது. சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. ஆலிவ் வீட்டுக்குப் போனார். 1886இல் கொலராடோவில் வேறொரு தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அந்தக் கொலைகளுக்குப் பிறகு கவுண்டியில் மாட்டுக்காரர்களின் கை தாழ்ந்தது என்னவோ நிஜம். 1880களில் வந்து குவிந்த விவசாயிகளின் எண்ணிக்கையே அவர்களைத் தோற்கடித்தது என்றும் சொல்லலாம்.

குடியேறிகளுக்கு அரசு கொடுத்த 160 ஏக்கர் உண்மையிலேயே இலவசமா?

ஏறக்குறைய. லிங்கன் கையெழுத்திட்ட 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 21 வயது நிறைந்தவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் கேட்டுப் பதிவு செய்யலாம். குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகும் எண்ணத்தை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. மொத்தக் கட்டணம் சுமார் 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உழுது, இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபித்தால் பட்டா. காத்திருக்க முடியாதவர்கள் ஆறு மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். 1873இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ், மரம் நட்டு வளர்ப்பதாகச் சொல்லி மேலும் 160 ஏக்கர் கேட்கலாம்.

செலவு நிலத்துக்கு இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும். கலப்பை, ஒரு ஜோடி குதிரை அல்லது எருது, வண்டி, விதை, முதல் அறுவடை வரை சாப்பாடு. பல குடும்பங்கள் பட்டா வந்த மறுநாளே அதை அடகு வைத்தன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 160 ஏக்கர் என்ற அளவு மழை பெய்யும் கிழக்கு மாநிலங்களை மனதில் வைத்துப் போட்டது. 100ஆவது தீர்க்கரேகை கஸ்டர் கவுண்டியின் மேற்குப் பகுதி வழியாகத்தான் போகிறது. அதற்கு மேற்கே மானாவாரிப் பயிரை நம்ப முடியாது என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆனால் உழுதால் மழை வரும் என்று ஒரு கொள்கை கிளம்பியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி அதற்கு அறிவியல் முலாம் பூசினார், ரயில் கம்பெனிகள் அதை விளம்பரத்தில் போட்டன. 1880களில் தற்செயலாக நல்ல மழை பெய்ததால் ஜனங்களும் நம்பிவிட்டார்கள்.

பெண்கள் தங்கள் பெயரில் நிலம் எடுக்க முடிந்ததா?

முடிந்தது. திருமணமாகாதவர், விதவை, கணவனால் கைவிடப்பட்டவர் என்றால் ஆணுக்குள்ள அதே உரிமை. கணவனோடு வாழும் பெண்ணுக்கு மட்டும் கிடையாது.

கஸ்டர் கவுண்டியின் கிரிஸ்மன் சகோதரிகள் இதற்குப் பிரபலமான உதாரணம். ஒரு பண்ணையாரின் நான்கு பெண்கள் சேணம் பூட்டிய குதிரைகளோடு புற்கட்டி வீட்டின் முன் நிற்கும் 1886 புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். மூத்தவர் லிஸி 1887இலும், அடுத்தவர் லூட்டி மறு வருடமும் மனு போட்டார்கள். மூன்றாமவர் ஹாட்டி வயது வரக் காத்திருந்து 1892இல் எடுத்தார். தனியாக இருக்கப் பயம் என்பதால் ஒருவர் வீட்டில் ஒருவர் மாறி மாறித் தங்கினார்கள். கடைசித் தங்கைக்கு வயது வந்தபோது எடுப்பதற்கு நிலமே மிச்சமில்லை. அந்தப் பகுதி எவ்வளவு வேகமாக நிரம்பியது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏன் மண்ணில் வீடு? எப்படிக் கட்டினார்கள்?

மரம் இல்லை, அதனால்தான். முதலில் வந்தவர்கள் பள்ளங்களில் இருந்த சீடர் மரங்களை வெட்டிக் கட்டை வீடு கட்டிக்கொண்டார்கள். அது சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. பலகை வாங்க வேண்டுமென்றால் ரயில் நிலையம் வரை வண்டி கட்ட வேண்டும், காசும் வேண்டும்.

இருந்ததெல்லாம் புல். அந்தப் புல்லின் வேர் பல நூற்றாண்டுகளாகப் பின்னி, மேல் மண்ணை ஒரு தடித்த பாய் போல இறுக்கிவைத்திருந்தது. அதைப் பிளக்கத் தனிக் கலப்பை உண்டு. மண்ணைக் கிளறிக் கொட்டாமல், ஓர் அடி அகலத்தில் நாலு அங்குலத் தடிமனில் நீளப் பட்டையாகப் புரட்டிப் போடும். அதை மண்வெட்டியால் மூன்றடித் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு துண்டு இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். காய்ந்தால் உதிரும் என்பதால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் அன்றன்று வெட்டினார்கள்.

புல் பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்து அடுக்க வேண்டும். இரண்டு மூன்று கட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு முதல் மூன்றடி தடிமன் சுவர். செங்கல் சுவரில் செய்வது போலவே இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி மாற்றி வைப்பார்கள், சில வரிசைக்கு ஒருமுறை குறுக்காக வைத்துப் பூட்டுவார்கள். இடுக்குகளில் மண்ணைத் திணித்து, சுவரை மண்வெட்டியால் செதுக்கிச் சீராக்குவார்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் மரச் சட்டம் வைத்து, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுத் துணி அடைப்பார்கள். சுவர் காய்ந்து இறங்கும்போது கண்ணாடி நொறுங்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

சிரமம் கூரையில்தான். முகட்டுக் கட்டை ஒன்று, அதிலிருந்து சுவருக்குச் சரியும் கம்புகள், அதன் மேல் வில்லோ குச்சியும் புதர்ச் செத்தையும், அதற்கும் மேல் மறுபடி புற்கட்டி. நனைந்தால் அதன் எடை பயங்கரம். முகட்டுக் கட்டை முறிந்து கூரை இறங்கிய வீடுகள் உண்டு.

செலவு? 1872இல் நெப்ராஸ்காவில் ஒருவர் எழுதிவைத்த கணக்கு இது: ஜன்னல் 1.25 டாலர், கதவுக்குப் பலகை 54 சென்ட், தாழ்ப்பாளும் கீலும் 50 சென்ட், கூரை வழியே போகும் புகைக்குழாய் 30 சென்ட், மூன்று பவுண்டு ஆணி பத்தொன்பதரை சென்ட். ஆக மொத்தம் 2 டாலர் எழுபத்தெட்டரை சென்ட். உழைப்புக்கு விலை போடவில்லை.

அதற்குள் வாழ்வது எப்படி இருந்தது?

கோடையில் குளுகுளு, குளிரில் கதகதப்பு. காற்று அசைக்காது, தீ பிடிக்காது. இந்த வசதிகளை அங்கே வாழ்ந்தவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

மழை வந்தால் கதை வேறு. வெளியே ஒரு நாள் பெய்தால் உள்ளே மூன்று நாள் பெய்யும் என்பது அங்கே பழைய நகைச்சுவை. அடுப்புக்கு மேல் ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் சமைத்த கதைகள் நிறைய. உலர்ந்த நாளில் மண் தூள் சோற்றுத் தட்டில் விழும். சுவரில் எலி, எலியைத் தேடிப் பாம்பு, படுக்கையில் தெள்ளுப்பூச்சி. வசதி கொஞ்சம் கூடியதும் பெண்கள் கூரைக்கடியில் மஸ்லின் துணியை இழுத்துக் கட்டி, சுவருக்கு வெண்களிமண் பூசி, ஆழமான ஜன்னல் திண்டில் பூச்சட்டி வைத்தார்கள். சுவர் மூன்றடி தடிமன் என்பதால் அந்தத் திண்டில் குழந்தைகள் உட்கார்ந்து படிக்கவும் இடமிருந்தது.

எல்லாமே குடிசை இல்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த இசடோர் ஓமோன் என்பவர் 1880களின் நடுவில் புரோக்கன் போ பக்கத்தில் புற்கட்டியிலேயே இரண்டு மாடி வீடு கட்டினார். மூலைகளில் வட்டக் கொத்தளம் வேறு. செலவு 500 டாலர் என்கிறார்கள். 1967 வரை நின்றது.

தண்ணீருக்கும் அடுப்புக்கும் என்ன செய்தார்கள்?

ஆற்றோரம் நிலம் கிடைத்தவர்களுக்குக் கவலையில்லை. பின்னால் வந்தவர்களுக்கு மேட்டு நிலம்தான் மிச்சம். அங்கே கிணறு இருநூறு அடிக்கு மேல் போக வேண்டியிருந்தது, அதையும் கையாலேயே தோண்டினார்கள். ஒருவர் அடியில் நின்று வெட்ட, மேலே இருப்பவர் வாளியில் மண்ணை இழுப்பார். சரிந்து புதைந்தவர்களும் விஷக்காற்றில் மயங்கியவர்களும் உண்டு. கிணறு வெட்டும்வரை பல மைல் தள்ளியிருந்த பக்கத்து வீட்டிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். காற்றாலைப் பம்பு வந்த பிறகுதான் மேட்டு நிலத்தில் குடித்தனம் சாத்தியமாயிற்று. கைவிட்ட நிலங்களில் மூடாமல் விட்ட கிணறுகள் புல்லுக்குள் மறைந்திருந்து ஆளையும் மாட்டையும் விழுங்கின.

அடுப்புக்கு முதலில் காட்டெருமையின் காய்ந்த சாணம், பிறகு மாட்டு வறட்டி. கிழக்கிலிருந்து வந்த பெண்கள் முதலில் இடுக்கியால் எடுத்து, பிறகு துணியைச் சுற்றி எடுத்து, கடைசியில் வெறுங்கையால் எடுத்துப் போட்டுவிட்டு அதே கையோடு மாவு பிசைந்தார்கள் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வறட்டி இல்லாதபோது சோளக் கட்டையும் முறுக்கிய வைக்கோலும்.

சாப்பாடு?

சோளம். சோள ரொட்டி, சோளக் கஞ்சி, வறுத்த சோளத்திலோ ரை என்ற தானியத்திலோ காபி. உப்புப் பன்றிக்கறி, முட்டை, பள்ளங்களில் விளையும் காட்டு பிளம். புதிதாகப் புரட்டிய மண்ணில் தர்பூசணி நன்றாக வந்தது. அதனால்தான் பல படங்களில் மேசை மேல் தர்பூசணி உட்கார்ந்திருக்கிறது.

வெட்டுக்கிளிகள் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா?

உண்மை. 1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் சமவெளி முழுக்க இறங்கின. பயிர் போனது, தோட்டம் போனது, கலப்பைக் கைப்பிடியில் வியர்வை உப்பு படிந்த இடத்தைக்கூடக் கடித்தன. கஸ்டர் கவுண்டியில் அப்போது குடிகள் குறைவு. அடி பெரும்பாலும் கிழக்கே இருந்தவர்களுக்கு. பக்கத்து வேலி (Valley) கவுண்டியில் அந்த ஆண்டு ஹார்ட்சஃப் கோட்டை கட்டத் தொடங்கியதும், பயிரிழந்தவர்களுக்குக் கூலி வேலை கிடைத்துப் பிழைத்தார்கள். 1876இலும் வெட்டுக்கிளி வந்தது.

கதையின் விசித்திரமான பகுதி பிற்பாடுதான். வானத்தை மறைத்த அந்த இனம் முப்பதே வருடங்களில் அழிந்துபோயிற்று. கடைசியாக உயிரோடு ஒன்று பிடிபட்டது 1902இல். மலையடிவாரத்தில் அவை முட்டையிடும் பள்ளத்தாக்குகளை விவசாயிகள் உழுததும் பாசனம் செய்ததும்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1888 பனிப்புயலில் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியை கயிறு கட்டிக் காப்பாற்றினாராமே?

1888 ஜனவரி 12. காலை இதமாக இருந்ததால் ஆண்கள் வயலுக்கும் பிள்ளைகள் மெல்லிய உடையோடு பள்ளிக்கும் போயிருந்தார்கள். பகலில் வெப்பநிலை திடீரென்று சரிந்து, கை நீட்டினால் கை தெரியாத அளவுக்குப் பனித்தூள் வீசியது. சமவெளி முழுக்க இறந்தவர்கள் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

வேலி கவுண்டியில் புற்கட்டிப் பள்ளியின் கூரை பிய்ந்தபோது, மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை பிள்ளைகளை நடத்திப் பக்கத்துப் பண்ணை வீட்டில் சேர்த்தார். ஒருவரும் சாகவில்லை. பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின, பாட்டும் வந்தது. கயிறு விஷயம்தான் சந்தேகம். அன்று அங்கே இருந்தவர்களே பின்னாளில் கயிறு இருந்ததா இல்லையா என்று முரண்பட்டுச் சொன்னார்கள். கயிறு இல்லாமல் அழைத்துப் போயிருந்தால் அது இன்னும் பெரிய காரியம் அல்லவா?

இந்தப் படங்களை எடுத்தது யார்? அவற்றை நம்பலாமா?

சாலமன் புட்சர். 1880இல் அப்பாவோடு கஸ்டர் கவுண்டிக்கு வந்து நிலம் எடுத்தார். ஐந்து வருடம் அந்தத் தனிமையில் குந்தியிருக்க நம்மால் ஆகாது என்று இரண்டே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மின்னசோட்டாவில் மருத்துவம் படிக்கப் போய் அதையும் விட்டு, மனைவியோடு திரும்பி வந்தார். கவுண்டியின் முதல் புகைப்படக் கூடத்தை வைத்தது அவர்தான். முன்னோடிகளில் மிகவும் சுமாரான முன்னோடி, சந்தேகமில்லை. ஆனால் 1886இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது: கவுண்டி முழுக்க வண்டியில் சுற்றி, குடும்பம் குடும்பமாகப் படமெடுத்து, அவர்கள் கதையையும் எழுதி வாங்கி, வரலாற்று நூலாகப் போட வேண்டும். ஏழு வருடத்தில் 1,500க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பிறகு வறட்சி வந்து திட்டம் படுத்தது. 1899இல் வீடு எரிந்து கையெழுத்துப் பிரதிகள் போயின. கண்ணாடி நெகட்டிவ்கள் தானியக் கொட்டகையில் இருந்ததால் தப்பின. ஸ்வெய்ன் ஃபிஞ்ச் என்ற பண்ணையார் பணம் போட, 1901இல் நூல் வந்தது. 1912இல் மொத்தத் தொகுப்பையும் மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு 600 டாலருக்கு விற்றார். 1927இல் இறந்தபோது தன் வாழ்க்கை தோல்வி என்றே நினைத்திருக்கக்கூடும்.

சரி, நம்பலாமா? முகங்கள், வீடுகள், கருவிகள், உடைகள் எல்லாம் நிஜம். அடுக்கி வைத்த விதம் நாடகம். இருப்பதிலேயே நல்ல உடை, நல்ல குதிரை, பெருமைப்பட வேண்டிய பொருள் எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஹில்டன் குடும்பத்துப் பெண்மணிக்கு, புற்கட்டி வீட்டில் இருப்பது ஊரிலுள்ள உறவினர்களுக்குத் தெரியக் கூடாது. ஆனால் தன்னிடம் ஆர்கன் என்ற இசைக்கருவி இருப்பது தெரிய வேண்டும். அதனால் மிதி ஆர்கனை வெளியே இழுத்துவந்து மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராடிங் குடும்பத்தின் படத்தில் கூரை மேல் பசு நிற்பது போலத் தெரியும். வீடு மேட்டைக் குடைந்து கட்டியது, பசு நிற்பது பின்னாலிருக்கும் மேட்டில்.

அதோடு நிற்கவில்லை. மாட்டுக்காரர்களின் முள்வேலியை முகமூடிக்காரர்கள் வெட்டும் படம் ஆட்களை வைத்து நடித்துக் காட்டியது. ஸ்வெய்ன் ஃபிஞ்ச் 1876இல் வெட்டுக்கிளிகளை அடித்து விரட்டும் படம் பல வருடம் கழித்து எடுத்தது. வெட்டுக்கிளிகளை நெகட்டிவில் புட்சரே கையால் போட்டார். நெகட்டிவ் பழுதான இடத்தை மறைக்க வான்கோழி வரைந்ததும் உண்டு. இதற்காக அவரைப் பொய்யர் என்று ஒதுக்கினால் நமக்குத்தான் நஷ்டம். நான் பார்ப்பது வேறு ஒரு குறை: படத்தில் இருப்பவர்கள் எல்லாம் அவர் வண்டி வந்த நாளில் இன்னும் அங்கே இருந்தவர்கள். தோற்றுப் போனவர்கள் வண்டி கட்டிக் கிளம்பிய பிறகு அந்த வாசலில் படம் எடுக்க யாருமில்லை.

கறுப்பினத்தவர்கள் குடியேறினார்களா?

ஆம். ஒருகாலத்தில் அடிமையாக இருந்த ஜெரி ஷோர்ஸின் குடும்பத்தை வெஸ்டர்வில் பக்கத்தில் புட்சர் 1887இல் படமெடுத்தார். அவர் சகோதரர் மோசஸ் ஸ்பீஸ் குடும்பத்தின் படமும் இருக்கிறது. சகோதரர்களுக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் இருப்பதற்குக் காரணம், விடுதலைக்குப் பின் வெவ்வேறு எஜமானர்களின் பெயர் ஒட்டிக்கொண்டதுதான்.

புரோக்கன் போ என்று ஏன் பெயர்?

முறிந்த வில் என்று பொருள். வில்சன் ஹெவிட் என்ற கொல்லர் தபால் நிலையத்துக்காக அனுப்பிய பெயர்களைத் தபால் துறை தொடர்ந்து நிராகரித்தது. கண்டெடுத்து வைத்திருந்த ஓர் உடைந்த செவ்விந்திய வில் கண்ணில் பட, அதையே எழுதி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். 1886இல் ரயில் வந்ததும் ஊர் பெருத்தது.

வந்தவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள்?

1880இல் கவுண்டியில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 1890இல் இருபத்தோராயிரத்துக்கு மேல். 1900இல் இருபதாயிரத்துக்குக் கீழே. சரிவு சின்னதாகத் தெரியலாம், ஆனால் போனவர்களின் இடத்தில் புதியவர்கள் வந்துகொண்டிருந்ததால் உள்ளே நடந்த இடமாற்றம் எண்ணிக்கையில் தெரிவதைவிட மிகப் பெரிது.

காரணம் 1890இலும் 1893, 1894இலும் வந்த வறட்சி. 1894 ஜூலைக் கடைசியில் அடித்த அனல் காற்று நின்ற சோளத்தை ஓரிரு நாளில் பொசுக்கியது. உழுதால் மழை வரும் என்ற கொள்கை அதோடு செத்தது. அதற்கும் முன்பே விளைந்த தானியத்துக்கு விலையில்லை, ரயில் கட்டணம் அதிகம், அடகுக்கு வட்டி அதிகம். கோபம் அரசியலாயிற்று. கஸ்டர் கவுண்டியில் புற்கட்டி வீட்டில் வாழ்ந்த ஓமர் கெம் என்ற விவசாயியை 1890 தேர்தலில் வாக்காளர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். மக்கள் கட்சி சார்பில் மூன்று முறை வென்று 1897 வரை இருந்தார். முன்னோடி வாழ்க்கை என்றாலே பொறுமையும் ஜெபமும் என்று எழுதுபவர்கள் இந்தக் கோபத்தை விட்டுவிடுகிறார்கள்.

நிலைத்தவர்கள் பக்கத்து நிலங்களை வாங்கிச் சேர்த்து, சோளத்தோடு மாட்டையும் வைத்துக்கொண்டார்கள். 160 ஏக்கரை மட்டும் நம்பியவர்கள் குறைவு.

இன்றைக்குப் புற்கட்டி வீடு எதையாவது பார்க்க முடியுமா?

காம்ஸ்டாக் ஊருக்குப் பக்கத்தில் டௌஸ் வீடு இருக்கிறது. 1900இல் கட்டியது, பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். புரோக்கன் போவில் கவுண்டி அருங்காட்சியகம் உண்டு. புட்சரின் படங்களை மாநில வரலாற்றுச் சங்கம் நுண்ணிய தெளிவில் மின்வடிவாக்கியிருக்கிறது; கண்ணாடி நெகட்டிவ் என்பதால் பெரிதாக்கினால் இருண்ட வாசலுக்குள் இருக்கும் நாற்காலி வரை தெரிகிறது. நேரில் போக முடியாதவர்களுக்கு அதுவே போதும் என்பேன்.

ஒரு குடும்பம் அங்கே நிலம் எடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டா கிடைத்திருந்தால் அமெரிக்க நிலத்துறையின் இணையப் பதிவுகளில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். அதில் வருவது பட்டா மட்டும். ருசியான விவரங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மனுக்கோப்பில்தான்: வீட்டின் நீள அகலம், எத்தனை ஜன்னல், எத்தனை ஏக்கர் உழுதார்கள், குழந்தைகள் எத்தனை பேர், சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்பது வரை. பட்டா பெறாமல் கைவிட்டவர்களின் மனுக்களுக்கும் கோப்பு உண்டு, ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேடிப் பிடிப்பது கடினம். நிலத்தின் சர்வே விவரம் தெரிந்திருந்தால் வேலை சுலபம்.

மக்கள் கணக்கெடுப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1890 ஏடுகளில் பெரும்பகுதி, 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பாழாகி, பிறகு அழிக்கப்பட்டது. கஸ்டர் கவுண்டி நிரம்பியதே 1880களில்தான் என்பதால் இந்த இழப்பு இங்கே ரொம்ப வலிக்கும். நல்லவேளையாக நெப்ராஸ்காவில் 1885இல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்து, அது தப்பியிருக்கிறது. முதலில் அதைத் திறந்து பாருங்கள்.